காணும் ஒளியும் காட்டும் ஒளியும்

டிசம்பர் 21-ஆம் நாளை உலகத் தியான தினமாகக் கடைப்பிடிக்க ஐக்கிய நாடுகள் பொதுச் சபை 2024-ஆம் ஆண்டு தீர்மானித்தது. அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே ஜூன் 21-ஆம் நாள் சர்வதேச யோகா தினமாக அறிவிக்கப்பட்டிருந்தது. உலகின் வடபாதியில் ஆண்டின் மிக நீண்ட பகலும் மிக நீண்ட இரவும் ஏறத்தாழ இவ்விரு நாள்களில்தான் அமைகின்றன. கண்மூடி உள்நோக்கும் தியானத்துக்கு இருள் மிகுந்த நாள் வாய்த்திருப்பது ஒருவகையில் பொருத்தமானதே.

தியானம் உலகெங்கும் பரவியிருப்பது மகிழ்ச்சிக்குரியது. அதனுடன் ஒரு குழப்பமும் சேர்ந்தே பரவி வருகிறது. கண்ணை மூடினால் உள்ளே ஒளி தெரிய வேண்டும், புருவ மத்தியில் சுடர் தோன்ற வேண்டும், அவ்வாறு தோன்றினால்தான் தியானம் கைகூடியது என்னும் எண்ணமே அக்குழப்பம். குறிப்பிட்ட நாள்களுக்குள் நெற்றிக்கண்ணைத் திறந்து தருவதாகக் கூறிக் கட்டணம் பெறும் வகுப்புகளும் நடைபெறுகின்றன. பல மாதங்கள் அமர்ந்தும் எதுவும் தெரியவில்லையே என்று மனம் சோர்பவர்கள் ஒருபுறம். ஒருமுறை மின்னல்போல் ஏதோ தெரிந்ததும் ஞானம் வாய்த்துவிட்டதாக நம்புபவர்கள் மறுபுறம். இரு சாராரும் தமக்குச் சான்றாகக் கொள்வது யோக நூல்களைத்தான். அந்நூல்கள் உண்மையில் என்ன சொல்கின்றன என்று பார்ப்பது அவசியமாகிறது.

உள்ளொளி பற்றிய பேச்சு யோக நூல்களில் மிகுதி என்பதில் ஐயமில்லை. ஆனால், ஒளி என்பதை அவை இரு வேறு பொருள்களில் ஆள்கின்றன. தியானத்தில் அமர்ந்தவருக்குத் தோன்றும் ஒளி ஒன்று. அத்தோற்றம் உள்ளிட்ட அனைத்தையும் அறிகின்ற அறிவாகிய ஒளி மற்றொன்று. முன்னது நாம் காணும் ஒளி. பின்னது நமக்கு எல்லாவற்றையும் காட்டும் ஒளி. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதிலிருந்தே பெரும்பாலான மயக்கங்கள் பிறக்கின்றன.

முதல் வகை ஒளியைத் தெளிவாகப் பேசும் பழைய நூல்களுள் ஒன்று சுவேதாசுவதர உபநிடதம். அதன் இரண்டாம் அத்தியாயம் யோகப் பயிற்சியை நடைமுறை நோக்கில் விளக்குகிறது. மார்பு, கழுத்து, தலை ஆகிய மூன்றையும் நேராக நிறுத்தி அமர வேண்டும். மூச்சைச் சீராக்க வேண்டும். அமருமிடம் சமதளமாகவும் தூய்மையாகவும் கூழாங்கற்கள் இல்லாததாகவும் காற்று வீசாததாகவும் இருக்க வேண்டும் என்றெல்லாம் அது வகுத்துரைக்கிறது. அதன் பின்னரே தியானத்தில் தோன்றும் காட்சிகளைப் பட்டியலிடுகிறது. மூடுபனி, புகை, கதிரவன், காற்று, நெருப்பு, மின்மினி, மின்னல், பளிங்கு, திங்கள் ஆகியவற்றை ஒத்த தோற்றங்கள் அவை.

இவற்றை அந்த உபநிடதம் எந்த இடத்தில் வைக்கிறது என்பது கவனிக்கத்தக்கது. இவை முன்னே வருபவை, அதாவது வரவிருப்பதற்குக் கட்டியம் கூறுபவை என்றே அது குறிப்பிடுகிறது. அரசர் வருமுன் கட்டியக்காரர் வருவார். கட்டியக்காரரே அரசர் ஆகமாட்டார். மேலும், பட்டியலின் தொடக்கத்தில் இருப்பவை மூடுபனியும் புகையும். பேரொளியைப் போலவே இந்த மங்கலான தோற்றங்களுக்கும் அதில் இடமுண்டு. எது பெரிது, எது சிறிது என்ற தரவரிசை ஏதும் அங்கே கூறப்படவில்லை.

அடுத்து, யோகம் பயனளிக்கத் தொடங்கியதன் முதல் அடையாளங்களை அந்த உபநிடதம் கூறுகிறது. உடல் இலேசாதல், நோயின்மை, ஆசை அடங்குதல், மேனித் தெளிவு, குரல் இனிமை ஆகியவை அவற்றுள் சில. கழிவு குறைதல்கூட அந்த வரிசையில் இடம்பெறுகிறது. சுடர்களையும் மின்னல்களையும் இப்போதுதான் பேசிய நூல், முன்னேற்றத்துக்கான அளவுகோலைக் கேட்டால், உடல்நலத்தையும் பேராசையின்மையையும் கைகாட்டுகிறது. மண் படிந்த தகடு கழுவப்பட்டபின் பளபளப்பதை உவமையாக்கி, தன்னியல்பை உணர்ந்தவரின் நிலையை அது விளக்குகிறது. தகட்டுக்குப் புதிதாக எவரும் பளபளப்பைக் கொண்டுவந்து சேர்க்கவில்லை. படிந்திருந்த மண்தான் அகன்றது.

இரண்டாம் வகை ஒளிக்கு மிகச் சிறந்த விளக்கம் பிருகதாரண்யக உபநிடதத்தில் உள்ளது. விதேக நாட்டு மன்னர் ஜனகருக்கும் யாக்ஞவல்கிய முனிவருக்கும் இடையே நிகழும் உரையாடல் அது. மனிதனுக்கு எது ஒளி என்று மன்னர் கேட்கிறார். கதிரவனே ஒளி, அதன் துணையால்தான் மனிதன் அமர்கிறான், நடக்கிறான், தொழில் செய்கிறான், வீடு திரும்புகிறான் என்கிறார் முனிவர். கதிரவன் மறைந்தால்? திங்கள். திங்களும் மறைந்தால்? நெருப்பு. நெருப்பும் அணைந்தால்? பேச்சு. தன் கையே தனக்குத் தெரியாத கும்மிருட்டிலும் ஒரு குரல் கேட்கும் திசை நோக்கி மனிதன் நடந்துவிடுகிறான் அல்லவா? பேச்சும் அடங்கிவிட்டால் எது ஒளி என்று மன்னர் விடாமல் கேட்கிறார். அப்போது ஆன்மாவே அவனுக்கு ஒளி என்று விடை வருகிறது.

இந்த உரையாடலில் குரலையும் ஒளி என்று கூறுவதுதான் திறவுகோல். ஒளி என்பது இங்கே கண்ணுக்குப் புலனாகும் வெளிச்சம் அன்று. எது ஒன்று தெரியவரக் காரணமாகிறதோ அதுவே ஒளி. கதிரவன் உருவங்களைக் காட்டுகிறது. குரல் வழியைக் காட்டுகிறது. கண்ணை மூடிக் கனவு காணும்போது, கதிரவனும் விளக்கும் இல்லாமலேயே தேர்களையும் சாலைகளையும் காண்கிறோம். அவற்றைக் காட்டுவது எது? அந்த அறிவைத்தான் உபநிடதம் உள்ளொளி என்கிறது. அது எவருக்கும் புதிதாகத் தோன்றுவதில்லை. இருட்டாக இருக்கிறது என்று ஒருவர் சொல்லும்போதும், அந்த இருட்டை அவருக்குத் தெரிவிப்பது அதுவே. கண்மூடி அமர்ந்து ஒன்றுமே தெரியவில்லை என்று வருந்துபவருக்கு, அந்த ஒன்றுமின்மையைத் தெரிவிப்பதும் அதுவே.

இவ்விரு பொருள்களையும் இலக்கண நுட்பத்தோடு பிரித்துக் காட்டுபவர் பதஞ்சலி. இருநூறுக்கும் குறைவான சூத்திரங்களைக் கொண்ட அவருடைய யோகசூத்திரம் தொடக்கத்திலேயே யோகத்துக்கு வரையறை தருகிறது. மனத்தின் அலைவுகள் அடங்குவதே யோகம். அப்போது காண்பவன் தன் இயல்பில் நிலைபெறுகிறான். இந்த வரையறையில் சுடர் இல்லை, நிறம் இல்லை, காட்சி இல்லை.

முதல் பாதத்தின் 36-ஆம் சூத்திரத்தில் ஒளி வருகிறது. துயரற்றது, ஒளியுடையது என்னும் பொருளில் விசோகா, ஜ்யோதிஷ்மதி ஆகிய இரு சொற்களை அங்கே அவர் ஆள்கிறார். அவற்றுடன் 'வா' என்னும் இடைச்சொல்லும் நிற்கிறது. வடமொழியில் அதற்கு 'அல்லது' என்று பொருள். அந்தச் சிறு சொல்லில் பெரும் பொருள் அடங்கியிருக்கிறது. மனத்தை நிலைநிறுத்தப் பல வழிகளை வரிசையாகக் கூறிவரும் இடம் அது. இன்பமுற்றோரிடம் நட்பு, துன்புற்றோரிடம் இரக்கம், நல்லோரிடம் உவகை, தீயோரிடம் விருப்பு வெறுப்பின்மை ஆகியவற்றைப் பழகுதல் முதல் வழி. அல்லது மூச்சை ஒழுங்குபடுத்துதல். அல்லது ஒரு புலனுணர்வில் மனத்தை ஊன்றுதல். அல்லது துயரற்ற ஒளி. அல்லது பற்றற்றவர் ஒருவரின் உள்ளத்தை நினைத்தல். அல்லது கனவிலும் உறக்கத்திலும் கிடைத்த அறிவு. அல்லது அவரவர் மனத்துக்கு உகந்த எதையேனும் தியானித்தல்.

இந்த வரிசையில் ஒளி ஒரு தேர்வு, கட்டாயம் அன்று. மூச்சைக் கவனித்து மனம் அமைதியுற்ற ஒருவர் ஒளியைக் காணாததால் எதையும் இழந்தவராகமாட்டார். அந்த ஒளிக்கு முன்னே துயரற்றது என்னும் அடை நிற்பதும் தற்செயலன்று. எவ்வளவு பிரகாசம் என்று பதஞ்சலி அளக்கவில்லை; துயர் அகன்றதா என்றே அளக்கிறார்.

இச்சூத்திரத்துக்கு வியாசர் எழுதிய உரை இன்னும் ஒரு படி உள்ளே செல்கிறது. இதயத் தாமரையில் கருத்தை ஊன்றுபவருக்குக் கதிரவன், திங்கள், கோள், மணி ஆகியவற்றின் ஒளிபோலத் தோன்றுவது புத்தியின் இயல்பே என்கிறார் அவர். சாங்கிய, யோக மரபில் புத்தி என்பது இயற்கையின், அதாவது பிரகிருதியின் ஒரு கூறு. அது ஆன்மா அன்று. ஆகவே, தியானத்தில் தோன்றும் ஒளி எவ்வளவு தூயதாயினும் அது மனம் தெளிந்ததன் அடையாளமே. நான்காம் பாதத்தில் பதஞ்சலியே இதற்கான தருக்கத்தை முடித்துவைக்கிறார். மனம் தானாக ஒளிர்வதன்று. ஏனெனில், அது காணப்படும் பொருள். காணப்படுவது எதுவும் காண்பவன் ஆக முடியாது. கண்ட ஒளியைத் தன் உண்மை வடிவம் என்று எண்ணுபவர், கண்ணாடியில் தெரியும் முகத்தைத் தன் முகமென்று தடவிப் பார்ப்பவரைப் போன்றவர்.

மூன்றாம் பாதத்தில், தலையிலுள்ள ஒளியில் மனத்தை ஒருமுகப்படுத்தினால் சித்தர்களின் காட்சி கிட்டும் என்று பதஞ்சலி கூறுவதும் உண்மையே. ஆனால், அதே பாதத்தில் இத்தகைய பேறுகள் வெளிநோக்கிய மனத்துக்குச் சித்திகளாகத் தோன்றினாலும் சமாதிக்கு அவை இடையூறுகளே என்று எச்சரிக்கிறார். வானவரே வந்து அழைத்தாலும் அதில் பற்றும் பெருமிதமும் கொள்ளலாகாது என்கிறார். முதற்பகுதியை மட்டும் எடுத்து விளம்பரம் செய்பவர்கள் இந்த எச்சரிக்கையைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

பகவத்கீதையின் ஆறாம் அத்தியாயத்தில் தியானத்துக்குப் புகழ்பெற்ற ஒரு விளக்கு உவமை உண்டு. காற்றில்லாத இடத்தில் வைக்கப்பட்ட விளக்கு அசைவதில்லை. அடங்கிய மனமுடைய யோகிக்கு அதுவே உவமை. விளக்கைச் சொன்னதும் நம் எண்ணம் வெளிச்சத்துக்குப் போகிறது. கீதை சுட்டுவதோ அசையாமையை. சிறிய அகல்விளக்காயினும் ஆடாமல் எரிந்தால் போதும், அதுவே யோகம். அதே அத்தியாயம், அளவுக்கு மீறி உண்பவருக்கும் அறவே உண்ணாதவருக்கும், மிகுதியாக உறங்குபவருக்கும் உறங்காமலே விழித்திருப்பவருக்கும் யோகம் கைகூடாது என்கிறது. பிறர் இன்ப துன்பங்களைத் தன்னுடையனவாகக் காண்பவனே உயர்ந்த யோகி என்றும் கூறுகிறது.

ஒளிக்காட்சியின் உச்சம் கீதையின் பதினோராம் அத்தியாயத்தில் வருகிறது. ஆயிரம் கதிரவன்கள் ஒருசேர உதித்தாற்போன்ற விசுவரூபத்தைக் காண்கிறான் அருச்சுனன். அக்காட்சியின் முடிவில் அவன் என்ன கேட்டான்? அஞ்சி நடுங்கி, பழைய இனிய வடிவத்தையே மீண்டும் காட்டுமாறு வேண்டினான். பேரொளியைக் கண்டதால் மட்டும் அவன் ஐயம் முழுவதும் தீர்ந்துவிடவில்லை. கீதை அத்துடன் முடியவும் இல்லை. இன்னும் ஏழு அத்தியாயங்கள் விளக்கம் தேவைப்பட்டது.

பிற்கால ஹடயோக நூல்களில் ஒளித் தியானம் தனிப் பயிற்சியாகவே வளர்ந்தது. கேரண்ட சம்ஹிதை தியானத்தை மூன்றாகப் பிரிக்கிறது. உருவத்தைத் தியானிப்பது பருமைத் தியானம். சுடரைத் தியானிப்பது சோதித் தியானம். அதற்கும் அப்பால் உள்ளது நுண்மைத் தியானம். முதலாவதைவிட இரண்டாவது நூறு மடங்கு உயர்ந்தது என்றும், இரண்டாவதைவிட மூன்றாவது இலட்சம் மடங்கு உயர்ந்தது என்றும் அது கூறுகிறது. ஒளியைப் போற்றும் நூலிலேயே ஒளிக்கு நடுப்படிதான் கிடைத்திருக்கிறது. படியில் நின்றுவிட்டவர் வீட்டுக்குள் நுழைந்தவர் ஆகார்.

இன்றைய அறிவியல் இதற்கு முரணாக எதையும் கூறிவிடவில்லை. மூடிய கண்ணில் ஒளித் தோற்றங்கள் எழுவது உடலியலார் நன்கறிந்த செய்தி. கண்ணிமையை விரலால் அழுத்தினாலே வண்ணப் பொட்டுகள் தெரியும். வெளியிலிருந்து வரும் காட்சிகள் நெடுநேரம் தடைப்படும்போது, மூளையின் பார்வைப் பகுதி தானாகவே தோற்றங்களை உருவாக்கிக்கொள்ளும். தியானம் செய்பவர்கள் கூறிய ஒளி அனுபவங்களை இந்தக் கோணத்தில் ஆராய்ந்த ஓர் ஆய்வு 2014-ஆம் ஆண்டு வெளியானது. அந்த ஆய்வில் பங்கேற்றோர் பௌத்தத் தியான மரபினர். புலன்கள் உள்ளடங்கும்போது எழும் தோற்றங்களோடு அவ்வனுபவங்கள் ஒத்திருப்பதை அது எடுத்துக்காட்டியது. காணும் ஒளி இயற்கையின் கூறு என்று பழைய உரைகாரர் கூறியதை நினைத்தால், இதில் அதிர்ச்சியடைய எதுவுமில்லை.

ஆனால், கவலைப்பட வேண்டிய செய்தி ஒன்று உண்டு. ஒளியைக் கண்டே தீரவேண்டும் என்ற ஆவலில் சிலர் கதிரவனை வெறுங்கண்ணால் உற்று நோக்குகிறார்கள். சிலர் கண்விழியை அழுத்திப் பார்க்கிறார்கள். கதிரவனை நேராக நோக்கினால் விழித்திரை கருகும். விழித்திரையில் வலி உணரும் நரம்புகள் இல்லாததால், பாதிப்பு நேரும்போது அது தெரிவதுமில்லை. ஹடயோகப் பிரதீபிகை கூறும் திராடகப் பயிற்சியும் சிறிய பொருள் ஒன்றைக் கண்ணீர் வரும்வரை இமைக்காமல் நோக்குவதே. கதிரவனை நோக்க அங்கே விதி இல்லை. கண்களில் திடீரென்று மின்னல் வெட்டுவதும், கரும்புள்ளிகள் மிதப்பதும், பார்வையில் திரை விழுவதும் விழித்திரை விலகலின் அறிகுறிகளாக இருக்கலாம். அவற்றை ஞான ஒளி என்று எண்ணிக் காலம் கடத்தினால் பார்வையே பறிபோகும். அத்தகையோர் உடனே செல்ல வேண்டிய இடம் கண் மருத்துவமனை.

அவ்வாறாயின், தியானம் செய்பவர் தம் வளர்ச்சியை எவ்வாறு அறிவது? பதஞ்சலியின் எட்டு உறுப்புகளில் தியானம் ஏழாவது. முதலாவதாக நிற்பது இயமம். இன்னா செய்யாமை, வாய்மை, கள்ளாமை, புலனடக்கம், பிறர்பொருள் விழையாமை ஆகிய ஐந்தும் அதில் அடங்கும். இவை அனைத்தும் பிறரோடு நாம் நடந்துகொள்ளும் முறையைப் பற்றியவை. உள்ளே செல்லும் பாதை, வெளியே உள்ள மனிதர்களிடம் காட்டும் ஒழுக்கத்திலிருந்து தொடங்குகிறது. சினம் குறைந்திருக்கிறதா, பொய் குறைந்திருக்கிறதா, அடுத்தவர் துன்பம் முன்னைவிட விரைவாக மனத்தைத் தொடுகிறதா என்று கேட்டுப் பார்க்கலாம். இக்கேள்விகளுக்கு வீட்டில் உள்ளவர்களே விடை சொல்லிவிடுவார்கள்.

தமிழ் மரபில் இந்த உண்மையைக் கட்டடமாகவே எழுப்பிக் காட்டியவர் வள்ளலார் இராமலிங்க அடிகள். இறைவனை அருட்பெருஞ்சோதி என்று போற்றிய அவர், 1872-ஆம் ஆண்டு வடலூரில் சத்திய ஞான சபையை நிறுவினார். அங்கே தைப்பூச நாளில் கறுப்பு, நீலம், பச்சை, சிவப்பு, பொன்மை, வெண்மை, கலப்பு ஆகிய ஏழு வண்ணத் திரைகள் ஒவ்வொன்றாக விலக்கப்பட்டுச் சோதி தரிசனம் நடைபெறுகிறது. திரை விலகும்போது விளக்கு புதிதாக ஏற்றப்படுவதில்லை. அது முன்னரே எரிந்துகொண்டிருக்கிறது. சுவேதாசுவதர உபநிடதம் கழுவப்பட்ட தகட்டைக் கொண்டு சொன்னதை, வள்ளலார் திரைகளைக் கொண்டு எளிய மக்களுக்கும் விளங்க வைத்தார்.

வடலூரில் அதற்கும் முந்திய நெருப்பு ஒன்று உண்டு. ஞான சபைக்கு ஐந்தாண்டுகளுக்கு முன்னர், 1867-ஆம் ஆண்டு, பசித்தோருக்கு உணவளிக்கச் சத்திய தருமச்சாலையை அவர் தொடங்கினார். அங்கு மூட்டப்பட்ட அடுப்பு அணையா அடுப்பாக இன்றளவும் எரிந்துவருகிறது. சோதியைத் தம் வாழ்நாள் முழுவதும் பாடியவர் முதலில் ஏற்றியது அடுப்பை, அடுத்ததாகத்தான் விளக்கை. கண்மூடி அமரும்போது சுடர் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், எழுந்த பின் நம்மால் எவர் வீட்டு அடுப்பு எரிகிறது என்பதை யோகத்தின் அளவுகோலாகக் கொள்வோம்.